முதலில் இறக்குங்கள்

கோபியிலிருந்து குன்னத்தூர் வழியாகத் திருப்பூர் போகிற தனியார் பஸ்ஸில் முன்பக்கம் இடம் கிடைத்தால், டிரைவர் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைப் பார்க்கலாம். முகப்பில் வரிசையாகக் குட்டி ஸ்லைடர்கள். அதற்கு மேலே பச்சையும் சிவப்புமாக விளக்குகள், பாட்டுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும். எந்த பஸ்ஸில் ஏறினாலும் ஸ்லைடர்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நிற்கும். இடது ஓரம் உச்சியில், வலது ஓரம் உச்சியில், நடுவில் இருப்பதெல்லாம் பள்ளத்தில். கொங்குப் பக்கத்து பஸ் பாட்டுக்கு ஊரெல்லாம் பேர் உண்டு. பாட்டுக்காகவே ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்ததுக்கு நிற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பள்ளம் எதற்கு என்று கேட்டால், "அப்பத்தானுங்க அடி தூக்கும்" என்பதற்கு மேல் பதில் வராது.

அந்தப் பெட்டிக்குத் தாத்தா முறையாகிற ஒன்று குன்னத்தூர் பேக்கரி மேஜைக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர், இளவயது. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகவிருந்ததை விலை பேசி எடுத்திருக்கிறார். அலுமினிய முகப்பு, பக்கத்துக்குப் பத்து வீதம் இருபது ஸ்லைடர், முதுகில் ஜப்பான் என்று அச்சு. டீ வருவதற்குள் கேட்டுவிட்டார்: "ஏனுங்ண்ணா, இதுல எதெதை ஏத்துனா பாட்டு நல்லா வருமுங்க?"

எதெதை இறக்கினால் என்று கேட்டிருந்தால் பாதி விடை கையில் இருந்திருக்கும். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஸ்லைடருக்குக் கீழே இருக்கிற எண்கள். 31.5, 63, 125, 250, 500, 1000, 2000, 4000, 8000, 16,000. எல்லாம் ஹெர்ட்ஸ் கணக்கு, அதாவது வினாடிக்குக் காற்று எத்தனை தடவை அதிர்கிறது என்பது. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல் இரண்டு மடங்கு. சங்கீதத்தில் சொன்னால் ஒரு ஸ்தாயி, கீழ் ஸட்ஜத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் உள்ள தூரம். நல்ல காது 20 முதல் 20,000 வரை கேட்கும். அந்த அகலத்தைப் பத்து ஸ்தாயியாகக் கூறு போட்டு, கூறுக்கு ஒரு மடை வைத்ததுதான் ஈக்குவலைசர் என்கிற இந்தப் பெட்டி. மடையைத் திறந்தால் அந்தக் கூறு பெருகும், அடைத்தால் குறையும். வாய்க்கால் மடைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே ஒன்றை அடைத்தால் அக்கம் பக்கத்திலும் குறையும். 1000ஐ இறக்கினால் 500உம் 2000உம் கொஞ்சம் சேர்ந்தே இறங்கும். அதனால் பக்கத்துப் பக்கத்து ஸ்லைடர்களை ஒன்று மேலே ஒன்று கீழே என்று நிறுத்துவதில் பலன் இல்லை. ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துக்கொண்டிருக்கும்.

ஸ்லைடரை மெதுவாக நகர்த்தினால் நடுவில் லேசாக ஓர் இடத்தில் 'டக்' என்று உட்காரும். அங்கே கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. முழுக்க மேலே தள்ளினால் பெரும்பாலான பெட்டிகளில் 12 டெசிபல் கூடும். முழுக்கக் கீழே இழுத்தால் 12 குறையும்.

எந்தக் கூறில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை காதால் பழகிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிரும். இளையராஜா பாட்டில் நம் ஆட்கள் உயிரை விடுகிற அந்தக் கிட்டார் நடை பெரும்பாலும் 63, 125 ஸ்லைடர்களின் எல்லைக்குள் ஓடுகிறது. ஆண் குரலின் அடி 125 பக்கம், பெண் குரலின் அடி 250 பக்கம். குரலின் கனம் 250, 500இல் இருக்கிறது. அங்கே மிகுந்தால் பாடுகிறவருக்குச் சளி பிடித்தது போல அடைத்துக் கேட்கும். சொல் புரிவது 2000, 4000இல். க, ச, ட, த என்று மெய்யெழுத்துகள் வெட்டிக்கொண்டு வருவது அங்கேதான். ஜால்ராவின் சிலுசிலுப்பு 8000க்கு மேலே. இனி பஸ்ஸின் பள்ளத்தை நினைத்துப் பாருங்கள். பள்ளத்தில் கிடப்பது ஜானகியம்மாவும் எஸ்.பி.பி.யும்.

இந்தப் பெட்டிக்கு முன்னால் இரண்டே திருகுகள்தான், பேஸும் ட்ரெபிளும். 1952இல் பீட்டர் பாக்ஸண்டால் என்ற ஆங்கிலேயர் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் ஒரு சர்க்யூட் வெளியிட்டார். உலகத்து ஆம்ப்களில் இருக்கிற பேஸ், ட்ரெபிள் திருகுகளில் பெரும்பகுதி அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அது நல்ல சர்க்யூட். ஆனால் இரண்டு ஓரத்தைத்தான் தொடும், நடுவில் கை வைக்காது. நடுவையும் தனித்தனியாகத் தொட வேண்டுமென்றால் ஒவ்வொரு கூறுக்கும் ஒரு காயிலும் ஒரு கண்டன்சரும் தேவை. 31.5 ஹெர்ட்ஸுக்குக் காயில் சுற்றினால் அது பெரிதாக வரும், விலையும் ஏறும். போதாததற்குப் பக்கத்தில் இருக்கிற டிரான்ஸ்பார்மரின் இரைச்சலையும் இழுத்துக்கொள்ளும். அதனால் வெகுகாலம் ஈக்குவலைசர் என்பது ஸ்டுடியோவிலும் சினிமாத் தியேட்டரிலும் மட்டும் இருந்த சாமான். ஆப்-ஆம்ப் ஐசி மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் காயிலுக்குப் பதில் ஐசி, ரெசிஸ்டர், கண்டன்சர் மூன்றையும் சேர்த்துக் காயில் மாதிரியே நடந்துகொள்ளும்படி செய்துவிட்டார்கள். இந்த உபாயத்துக்கு ஜைரேட்டர் என்று பெயர். 1970களிலும் 80களிலும் டெக்னிக்ஸ், பயனியர், சான்சுயி, யமஹா என்று எல்லோரும் வீட்டு ஸ்டீரியோவுக்கு ஈக்குவலைசர் போட்டுத் தள்ளியது இதன் புண்ணியம். நம் நாட்டில் காஸ்மிக், நார்ஜ், சோனோடைன் என்று ஸ்டீரியோக் கம்பெனிகள் இருந்தன. ஜப்பான் சாமான் வேண்டுமென்றால் சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வருகிற சொந்தக்காரரைப் பிடிக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் சென்னை பர்மா பஜார்.

ஜப்பான் என்றதும் ஒரு எச்சரிக்கை. டைலர் பிளக்கைக் கையில் எடுத்துவிட்டார், அதனால் இதைத்தான் அவருக்கு முதலில் சொல்ல வேண்டியிருந்தது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. அந்த நாட்டு விற்பனைக்கென்று செய்த பெட்டியை நம் 230இல் செருகினால் அன்றோடு அது பழைய இரும்புதான். முதுகில் மின் ஒயர் நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும். சிலவற்றில் 110, 220 மாற்றுகிற திருகே இருக்கும். 100 மட்டும் போட்டிருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்காமல் தொடவே கூடாது. இவருடையதில் திருகு இருந்தது. யாரோ ஏற்கெனவே 220க்கு மாற்றியும் வைத்திருந்தார்கள்.

சரி, ஏன் இறக்க வேண்டும்?

1960களில் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் சி.பி. போனர் என்று ஒரு இயற்பியல் பேராசிரியர் இருந்தார். கூடங்களில் மைக் 'கீய்ங்' என்று ஊளையிடுவதை நிறுத்த அவர் கண்ட வழி எளிமையானது. ஒவ்வொரு கூடமும் ஒரு சில அதிர்வுகளைத் தானாகவே ஊதிப் பெரிதாக்கும். எந்த எண்ணில் ஊளை கிளம்புகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் குறுகலாக வெட்டினார். வெட்டியபின் மைக்கை இன்னும் தாராளமாக ஏற்ற முடிந்தது. பேச்சும் தெளிந்தது. இதே தடத்தில் ஆல்டெக் லேன்சிங் கம்பெனி 1967இல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. இரண்டிலும் கூட்டுவது கிடையாது, குறைப்பது மட்டும்தான். நம் ஊர் கல்யாண மண்டபத்தில் மைக் செட்காரர் ஊளை வந்ததும் ஓடிப்போய் மொத்த வால்யூமையும் குறைக்கிறாரே, அதற்குப் பதில் ஒரே ஒரு ஸ்லைடரைக் குறைத்தால் போதும். எது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்கும் இதே கதை. கணக்கைப் பாருங்கள். 3 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் தர வேண்டிய வாட் இரண்டு மடங்கு. 6 ஏற்றினால் நான்கு மடங்கு, 12 ஏற்றினால் பதினாறு மடங்கு. நம் பக்கத்து அசெம்பிள் ஆம்ப்களில் பல சான்யோவின் 4440 ஐசியை நம்பிப் பிழைத்தவை. அது பக்கத்துக்கு 6 வாட் தரும், இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டினால் 19 வாட். பாட்டில் பேஸ் மட்டும் ஒரு வாட் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று வைப்போம். 63ஐ உச்சிக்குத் தள்ளினால் அது 16 வாட் கேட்கும். 6 வாட் ஆம்ப் எங்கே போகும்? முடிந்த மட்டும் கொடுத்துவிட்டு மீதியை வெட்டிவிடும். உருண்டையாக வர வேண்டிய அலை தலை தட்டையாக வரும். அப்படி வெட்டுப்பட்ட அலையில் பாட்டில் இல்லாத புதுப்புது மேல் ஓசைகள் முளைக்கும், அவை நேராக மேல் ஓசைக்கென்று இருக்கிற சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்குப் போகும். பேஸை ஏற்றினவருக்கு ட்வீட்டர் எரிந்து போவது இப்படித்தான். கடைக்காரர் புது ட்வீட்டர் மாட்டித் தருவார். காரணம் சொல்ல மாட்டார். (ஆயிரம் வாட் பி.எம்.பி.ஓ. என்று அட்டையில் போட்டிருந்தது என்று சொல்லாதீர்கள். அந்த எண்ணை அச்சடித்தவருக்கும் அந்தப் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை.)

"அப்பப் பள்ளமும் இறக்குனதுதானுங்களே?" என்றார் டைலர். கெட்டிக்காரர். ஆனால் நடுவை 6 இறக்கிவிட்டு, குரல் கேட்கவில்லை என்று வால்யூமை 6 ஏற்றினால், இரண்டு ஓரத்தையும் 6 ஏற்றினதற்குச் சமம். ஆம்புக்கு வேலை ஒன்றுதான். நான் சொல்கிற இறக்கம் வேறு. பாட்டில் இல்லாத, அறை தானாகச் சேர்த்த மிகையை மட்டும் எடுப்பது.

அறை என்ன சேர்க்கிறது என்று தெரிய, சுவரோடு சுவராக நிற்கிற திருப்பூர் லைன் வீட்டைவிட நல்ல பாடம் கிடைக்காது. பத்துக்குப் பத்து அடி, உயரமும் ஏறக்குறைய அதுவே. பத்து அடி என்றால் மூன்று மீட்டர் சொச்சம். ஒலி வினாடிக்குச் சுமார் 346 மீட்டர் போகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே போய்வந்து தன்னைத் தானே ஊக்கிக்கொள்கிற முதல் அதிர்வு, ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் வரும். பத்து அடிக்கு அது 57 ஹெர்ட்ஸ். நீளத்துக்கு 57, அகலத்துக்கு 57, உயரத்துக்கும் 57. மூன்றும் ஒரே இடத்தில் குவிகின்றன. பாட்டில் பேஸ் கிட்டார் எந்த ஸ்வரம் வாசித்தாலும் அறை ஒரே ஸ்வரத்தைத்தான் உரக்கச் சொல்லும். 'தும் தும்' என்று ஒற்றைக் குரலில் கேட்பது அதுதான். இதற்கு மேல் 63ஐ வேறு உச்சியில் நிறுத்தினால் கேட்கவே வேண்டாம். அந்த ஸ்லைடரை நடுவிலிருந்து 4, 5 டெசிபல் கீழே இழுத்துப் பாருங்கள். முதலில் 'அடி போச்சே' என்று தோன்றும். இரண்டு பாட்டு பொறுத்திருந்தால் கிட்டார் ஏறுவதும் இறங்குவதும் தனித்தனியாகக் கேட்க ஆரம்பிக்கும்.

ஸ்லைடரைத் தொடுமுன் ஸ்பீக்கரைத் தொடுவது இன்னும் நல்லது. மூலையில் வைத்தால் பேஸ் வீங்கும். ஒன்றரை அடி முன்னே இழுத்தால் பாதி வேலை செலவில்லாமல் முடியும். உட்காருகிற இடமும் கணக்கு. சுவரில் முதுகைச் சாய்த்துக் கேட்டால் பேஸ் கொட்டும், அறைக்கு நட்ட நடுவில் உட்கார்ந்தால் அதே 57 ஏறக்குறைய காணாமல் போகும். அங்கே அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அந்த இடத்தில் இருந்துகொண்டு 63ஐ ஏற்றினால் பதினாறு மடங்கு வாட்டும் சேர்ந்தேதான் அழியும். நாற்காலியை நகர்த்துவதைத் தவிர வழியில்லை. கையைத் தட்டினால் வெறும் சுவரில் 'டிரிங்' என்று எதிரொலிக்கிறதே, அதற்கும் ஈக்குவலைசரில் மருந்து கிடையாது. மெத்தையைச் சுவரோரம் நிறுத்தலாம், கனமான துணியைத் தொங்கவிடலாம்.

லைன் வீட்டில் இன்னொரு சங்கடம். குரலும் ஜால்ராவும் செங்கல் சுவரோடு நின்றுவிடும், பேஸ் நிற்காது. அதனால் பக்கத்து வீட்டில் நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருப்பவருக்குப் பாட்டு கேட்காது, 'தும் தும்' மட்டும் கேட்கும். சண்டை வருவதில் நியாயம் இருக்கிறது.

சுவரில் துணி தொங்கவிடலாம் என்றதும் டைலருக்குத் தன் கம்பெனி ஞாபகம் வந்துவிட்டது. அங்கே மேலே ஸ்பீக்கர் கட்டி நாளெல்லாம் பாட்டு ஓடுகிறதாம், ஆனால் ஒரு வார்த்தையும் புரியாதாம். அது வீட்டுக்கு நேர் எதிர்க் கேஸ். சுற்றிலும் துணி ரோல், கட்டிங் பீஸ், வேஸ்ட் மூட்டை. பஞ்சு மேல் ஓசையை உறிஞ்சும், அடி ஓசையை விட்டுவிடும். அதோடு ஓவர்லாக்கும் பேட்லாக்கும் போடுகிற இரைச்சல் குரலின் கூறுகளிலேயே வந்து உட்காருகிறது. மேஸ்திரி என்ன செய்வார்? வால்யூமை ஏற்றுவார். அதில் பேஸ்தான் முதலில் பெருகும். காதின் சுபாவம் ஒன்று உண்டு. அடி ஓசை மேல் ஓசையை மூடி மறைக்கும், மேல் ஓசை அடி ஓசையை அவ்வளவாக மறைக்காது. ஆக ஏற்ற ஏற்றச் சொல் இன்னும் புதையும். அங்கே 63, 125 இரண்டையும் தாராளமாக இறக்கலாம், 2000ஐயும் 4000ஐயும் 3 டெசிபல் மட்டும் ஏற்றலாம். வால்யூம் குறைந்தும் வார்த்தை புரியும். ஏற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கடைசியில், கொஞ்சமாக, எதற்கென்று தெரிந்து ஏற்றினால் சரி.

இந்தக் கணக்கில் பஸ்காரருக்கும் பாதி நியாயம் கிடைத்துவிடுகிறது. டீசல் இன்ஜினின் உறுமல் அடி ஓசைதான், அது பாட்டின் பேஸை விழுங்கும். அதனால் பஸ்ஸில் இடது ஓரத்தை ஏற்றுவது அவசியம். வீட்டில் இன்ஜின் ஓடவில்லையே. பஸ்ஸில் கேட்ட ருசியை அப்படியே கொண்டுவந்து லைன் வீட்டில் இறக்கினால்தான் கோளாறு. இன்னொரு பழைய பாவமும் இருக்கிறது. 80களில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருகிற ரெக்கார்டிங் கடைகள் ஊருக்கு ஊர் இருந்தன. கடைக்காரர் தன் ஈக்குவலைசரில் ஒரு பள்ளம் போட்டே பதிவார், அப்போதுதான் கேசட் 'எடுப்பாக' இருக்குமாம். அதை நாம் வீட்டில் இன்னொரு பள்ளம் போட்டுக் கேட்போம். பள்ளத்துக்குள் பள்ளம். அந்தக் கேசட்டை இன்று போனுக்கு மாற்றி வைத்திருப்பவர்கள், 500 முதல் 2000 வரை ஒரு 3 டெசிபல் ஏற்றிப் பார்க்கட்டும். பாடகர் இரண்டடி முன்னே வந்து நிற்பார்.

பள்ளம் ஏன் இவ்வளவு இனிக்கிறது என்பதற்கும் விடை இருக்கிறது. 1933இல் அமெரிக்காவின் பெல் லேபில் ஃபிளெட்சர், மன்சன் இருவரும் அளந்து காட்டினார்கள். சத்தம் குறையக் குறைய மனிதக் காது அடி ஓசையை மிக வேகமாக இழக்கிறது, உச்சி ஓசையையும் ஓரளவு இழக்கிறது. நடு மட்டும் தாக்குப்பிடிக்கிறது. அதனால் மெல்லிய வால்யூமில் பாட்டு சப்பென்று இருக்கும், இரண்டு ஓரத்தையும் ஏற்றினால் உயிர் வரும். பழைய ஆம்ப்களில் 'லவுட்னெஸ்' என்று ஒரு பட்டன் இருப்பது இந்த வேலைக்குத்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல் மெதுவாகக் கேட்கிறபோது லேசாகப் பள்ளம் போடுவது சாஸ்திரப்படி சரி. பக்கத்து வீட்டுச் சுவரை மட்டும் நினைவில் வையுங்கள். வால்யூம் ஏற ஏறப் பள்ளம் தூர்ந்துகொண்டே வர வேண்டும். நம் ஆட்கள் வால்யூமையும் ஏற்றிப் பள்ளத்தையும் வெட்டுகிறார்கள்.

16,000 ஸ்லைடரைப் பற்றிச் சுருக்கமாக. மீடியம் வேவ் வானொலியில் 5000க்கு மேல் அநேகமாக ஒன்றும் வராது. எஃப்எம்மே 15,000த்தோடு முடிந்துவிடும், 19,000த்தில் ஸ்டீரியோவுக்கான குறி ஒலி இருப்பதால் அதற்கு இடம் விட வேண்டும். சாதாரணக் கேசட்டும் அந்த உயரத்துக்குள்ளேயே மூச்சு வாங்கும். இவற்றை வைத்துக் கேட்கிறவர் 16,000ஐ ஏற்றினால் கிடைப்பது 'ஸ்ஸ்' மட்டும். சிடியிலோ போனிலோ கேட்டாலும் நாற்பது தாண்டியவருக்கு அந்த ஸ்லைடரால் பெரிய லாபம் இல்லை. வயது முதலில் தின்பது அந்த ஓரத்தைத்தான்.

மாட்டுவது எப்படி? பழைய ஆம்ப் என்றால் பின்னால் 'டேப்' என்று இரண்டு ஜோடி குழிகள் இருக்கும். டேப் அவுட்டிலிருந்து ஈக்குவலைசர் இன்புட்டுக்கு ஒரு ஜோடி ஒயர், ஈக்குவலைசர் அவுட்புட்டிலிருந்து டேப் இன்னுக்கு இன்னொரு ஜோடி. முன்னால் 'டேப் மானிட்டர்' பட்டனை அழுத்தினால் பாட்டு சுற்றிக்கொண்டு வரும். அசெம்பிள் ஆம்பில் அந்த வசதி கிடையாது. அங்கே போனுக்கோ ப்ளூடூத் போர்டுக்கோ அடுத்தபடியாக, ஆம்புக்கு முன்னால் வைத்தால் போதும். போடும்போது ஈக்குவலைசரை முதலிலும் ஆம்பைக் கடைசியிலும் போடுங்கள். அணைக்கும்போது ஆம்ப் முதலில். இல்லாவிட்டால் 'டொம்' என்று ஒரு அடி ஸ்பீக்கரைத் தாக்கும்.

டைலருடைய பெட்டியின் மூடியைக் கழற்றியதும் பேக்கரி வெளிச்சத்தில் தெரிந்தது, ஸ்லைடர் தடங்களில் சாம்பல் நிறத்தில் அடை அடையாகப் பஞ்சு. இந்த ஊரில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் இதுதான். தடத்தில் கார்பன் பூச்சு இருக்கும், அதன்மேல் ஒரு சின்ன உலோக நகம் உரசிக்கொண்டு போகும். நடுவில் தூசி வந்தால் 'கரகர'. சிலசமயம் ஒரு பக்கம் பாட்டே போய்விடும். முதலில் மெல்லிய பிரஷ்ஷால் பஞ்சை வெளியே எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஸ்ப்ரே அடித்தால் பஞ்சு நனைந்து உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு கான்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு அளவு விட்டு, ஸ்லைடரை முழு நீளத்துக்கும் பலமுறை ஓட்ட வேண்டும். தையல் மெஷின் ஆயில் வேண்டவே வேண்டாம். டைலர்கள் கை தானாக அந்தக் கேனுக்குத்தான் போகும். எண்ணெய் அடுத்த மாதத்துப் பஞ்சைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். பாட்டு இல்லாதபோதும் 'ம்ம்ம்' என்று இரைந்தால் பவர் சப்ளையின் கண்டன்சர் காய்ந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். அதிகச் செலவு இல்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியது இதைவிடச் சின்ன வேலை. விளக்கு ஆடுகிறது என்று மயங்க வேண்டாம். விளக்கு ஓசையின் அளவைக் காட்டுகிற மீட்டர், அவ்வளவுதான். ஒவ்வொரு ஸ்லைடராக மேலும் கீழும் தள்ளி, அதற்குரிய ஓசை மாறுகிறதா என்று இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேளுங்கள். பிறகு 'டிஃபீட்' அல்லது 'பைபாஸ்' என்று இருக்கிற பட்டனை அழுத்தி எடுங்கள். அது ஈக்குவலைசரை வேலையிலிருந்து விலக்குகிற பட்டன். நீங்கள் வைத்த ஸ்லைடர் வரிசை பாட்டை நல்லதாக்கியதா, சத்தமாக மட்டும் ஆக்கியதா என்று சோதிக்க அதைவிட நேர்மையான சாட்சி இல்லை. ஏற்றின பக்கம் எப்போதும் 'நன்றாக' இருப்பதாகத் தோன்றும், காரணம் அது உரக்க இருக்கிறது. வால்யூமைச் சமன் செய்துவிட்டு ஒப்பிட்டால் பாதிப் பேர் அந்தப் பட்டனை அழுத்தியபடியே விட்டுவிடுவார்கள்.

இவ்வளவும் கேட்டபின் டைலர் ஒன்று சொன்னார். வீட்டில் இருக்கிற சின்ன செட்டில் அவர் எதை எப்படி வைத்தாலும், அவருடைய அப்பா வந்து ட்ரெபிளை உச்சிக்கு ஏற்றிவிட்டுப் போகிறாராம். "எங்கப்பாவுக்கு நியூஸ் கேக்குதுங்ண்ணா, என்ன சொல்றாங்கன்னு புரியமாட்டேங்குதுங்." அப்பா என்ன வேலை என்றேன். சோமனூர் பக்கம் தறிக்குடோனில் தறி ஓட்டினவர், இளவயதிலிருந்தே.

தறிக்குடோனின் சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு வைத்திருக்கிற வரம்பே 90தான். அப்படிப்பட்ட சத்தத்தில் வருஷக்கணக்கில் நின்ற காது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மங்குவதில்லை. முதலில் பள்ளம் விழுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில். சொல்லைச் சொல்லாக்குகிற மெய்யெழுத்துகள் இருக்கிற அதே இடம். குரல் கேட்கும், 'பட்டம்' என்றார்களா 'சட்டம்' என்றார்களா என்று பிடிபடாது. வீட்டில் அதற்கு 'அப்பாவுக்குக் கவனமே இல்லை' என்று பெயர் வைத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் எடுத்தால் ஒரு கட்டம் போட்ட தாளில் வரைந்து தருகிறார்களே, அதன் தலைப்பில் இருக்கிற எண்களைப் பாருங்கள். 250, 500, 1000, 2000, 4000, 8000. இந்தப் பெட்டியின் முகத்தில் இருக்கிற அதே எண்கள். அந்தத் தாளில் கோடு எங்கே இறங்குகிறதோ அந்த ஸ்லைடரைத்தான் அப்பா கையால் தேடிக்கொண்டிருக்கிறார். ட்ரெபிள் என்ற ஒரே திருகு இருந்ததால் 8000, 16,000 எல்லாவற்றையும் சேர்த்து ஏற்ற வேண்டியதாயிற்று.

பத்து ஸ்லைடர் இருந்தால் அவ்வளவு ஏற்ற வேண்டாம். நியூஸ் கேட்கும்போது 63, 125, 250 மூன்றையும் இறக்கிவிட்டு, 2000, 4000 இரண்டையும் 4 டெசிபல் அளவுக்கு ஏற்றினால் மொத்த சத்தம் கூடாமலே பேச்சு தெளியும். 12க்குத் தள்ளக் கூடாது. அடிபட்ட காதில் அதே இடத்தில் மேலும் அடிப்பது அது. காது மெஷின் செய்கிற வேலையை இந்தப் பெட்டி செய்யவும் செய்யாது. மெஷின் மெல்லிய சத்தத்தை அதிகமாகவும் பெரிய சத்தத்தைக் குறைவாகவும் ஏற்றும், ஸ்லைடருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதனால் டெஸ்ட்தான் முதல் வேலை.

எங்கே எடுப்பது என்று கேட்டார். குன்னத்தூரிலிருந்து பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி பக்கம்தான், காது மூக்கு தொண்டைப் பிரிவில் சீட்டுப் போட்டால் பார்ப்பார்கள். காலையிலேயே போய்விடச் சொன்னேன். தறி வேலை எத்தனை வருஷம் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லவும், டெஸ்ட் தாளைக் கேட்டு வாங்கி வரவும் சொன்னேன். அதற்குள் ஸ்லைடர்களிலிருந்து பஞ்சை எடுத்து வைக்கிறேன் என்றார்.